மயிலாத்தாள் பார்த்த படம்

ஆகஸ்ட் 2, 2023, புதன்

ஹார்ட் டிஸ்க் வந்துவிட்டது. கூரியர்காரர் இரண்டு முறை மணி அடித்துவிட்டுத் திரும்பிப் போய், பிறகு என் செல்பேசிக்குக் கூப்பிட்டார். நான் மருந்துக் கடையில் இருந்தேன். மயிலா வீட்டுக்குள்தான் இருந்திருக்கிறாள். "மணி அடிச்சா எந்திரிச்சு வர்றதுக்கென்ன?" என்று கேட்டேன். "கரண்டு இல்லீங்க, மணி எங்கிருந்து அடிக்கும்?" என்றாள். தலைக்கு மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன்.

டிஸ்கில் 'ஒற்றை வளையல்' இருக்கிறது. 1966இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். எங்கள் திரைப்பட வட்டத்துக்கு இது முப்பதாவது ஆண்டு. செப்டம்பர் 10 அன்று பெரிய அரங்கில் பொதுமக்களுக்கு அதைத் திரையிடப் போகிறோம். உரிமை வைத்திருக்கும் கம்பெனி இரண்டு வடிவங்களை அனுப்பியிருக்கிறது. ஒன்று, பழைய பிரிண்டை அப்படியே ஸ்கேன் செய்தது. இன்னொன்று, கீறல்களைத் துடைத்து, அகலத்திரைக்கு மாற்றி, ஒலியைப் புதிதாக அமைத்தது. எது வேண்டும் என்று இருபதாம் தேதிக்குள் சொல்லிவிட வேண்டுமாம்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஆகஸ்ட் 3, வியாழன்

பம்ப் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் வரைபடம் போட்டவன் நான். கோடு அரை மில்லிமீட்டர் விலகினாலும் கண்ணில் உறுத்தும். புதுப்பித்த வடிவத்தை நிறுத்தி நிறுத்தி அளந்து பார்த்தேன். அகலத்திரைக்காகப் படத்தின் மேலும் கீழும் சேர்த்து நாலில் ஒரு பங்கை வெட்டி எறிந்திருக்கிறார்கள்.

நாயகி கமலம் தன் வளையலைக் கழற்றி ஜன்னல் திண்டில் வைக்கும் காட்சியைத் தேடிப் போனேன். படத்தின் பெயரே அந்த வளையல்தான். புதிய வடிவத்தில் கமலத்தின் முகம் பளிச்சென்று தெரிகிறது. அவள் குனிந்து எதையோ பார்க்கிறாள். வளையல் இல்லை. அது சட்டகத்துக்குக் கீழே போய்விட்டது. 'ஒற்றை வளையல்' படத்தில் வளையலைக் காணோம்!

போதாக்குறைக்கு அந்த இடத்தில் புதிதாக முரசு வேறு சேர்த்திருக்கிறார்கள்.

மகள் சுகந்தி ஓசூரிலிருந்து பேசினாள். மயிலா வழக்கம்போல, "அப்பாகிட்டப் பேசு கண்ணு" என்று போனை என் கையில் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். அம்மாவுக்கும் மகளுக்கும் என்ன மனத்தாங்கல் என்று தெரியவில்லை. கேட்டால் இருவருமே ஒன்றுமில்லை என்கிறார்கள்.

ஆகஸ்ட் 5, சனி

மயிலாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, அசல் வடிவத்தை அரை மணி நேரம் ஓட்டிக் காட்டினேன். "எப்படி?" என்றேன். "நல்லாருக்குங்க" என்றாள். இந்தப் படத்தை என்னோடு ஏற்கெனவே மூன்று முறை பார்த்திருக்கிறாள். நான் எதைப் போட்டாலும் கடைசிவரை பொறுமையாக உட்கார்ந்து பார்ப்பாள். அந்த வகையில் நான் கொடுத்து வைத்தவன்.

ஆனால் தனியாக இருக்கும்போது அவள் பார்ப்பது கொரிய நாடகங்களை. கீழே ஆங்கில எழுத்து ஓடிக்கொண்டே இருக்கிறது. தமிழ் சீரியலையெல்லாம் விட்டு வருடங்கள் ஆயிற்று. என்ன ரசனையோ.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

செயற்குழுக் கூட்டம். நான் எழுதிக்கொண்டு போன நாலு பக்கக் குறிப்பை வாசித்தேன். "பழைய படத்திலிருந்து ஒரு கீறலைக்கூட நீக்கக் கூடாது, ஒரு புள்ளியைக்கூடச் சேர்க்கக் கூடாது" என்று முடித்திருந்தேன்.

எங்கள் தலைவர் எஸ்தர் டீச்சர் கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவர். அவர் எடுத்த எடுப்பிலேயே, "சார், வளையல் தெரியணும், ஒத்துக்கறேன். ஆனா வசனம் காதுல விழ வேண்டாங்களா? அந்தப் பழைய பிரிண்ட்ல ஒரே இரைச்சல். வர்றவங்கள்ல பாதிப் பேரு அறுபது தாண்டினவங்க" என்றார்.

"கவனமாக் கேட்டா விழும் டீச்சர்" என்றேன்.

"எல்லாருக்குங்களா?"

"கேக்கணும்ங்கற ஆர்வம் இருந்தா எல்லாருக்கும்."

டீச்சர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். புரொஜெக்டரைப் பார்த்துக்கொள்ளும் ஜமால் என் பக்கம் கை தூக்கினார். மூன்றுக்கு இரண்டு. அசல் வடிவம்தான் என்று முடிவாயிற்று.

வீட்டுக்கு வந்து மயிலாவிடம், "ஜெயிச்சுட்டோம்" என்றேன். "காப்பி வெக்கட்டுங்களா?" என்றாள்.

ஆகஸ்ட் 9, புதன்

குக்கர் எத்தனை விசில் அடித்ததோ தெரியவில்லை, பருப்பு தீய்ந்துவிட்டது. மயிலா அடுக்களையில்தான் நின்றிருந்தாள். இந்த மாதத்தில் இது இரண்டாவது தடவை. மறதி வருகிறதோ என்று பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

காலையில் முன்னறையில் புதுப்பித்த வடிவத்தைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்டு மலருக்காக அதில் இன்னும் என்னென்ன குறைகள் என்று பட்டியல் எடுக்கும் எண்ணம். மயிலா தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் பக்கம் முதுகு. திரையை அவள் பார்க்கவே இல்லை.

படத்தில் விருந்துப் பந்திக் காட்சி. சமையற்காரர் சொல்கிறார்: "ரசத்தைக் கீழே கொட்டிவிட்டேன் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். கேட்டால், எல்லாரும் குடித்துத் தீர்த்துவிட்டார்கள் என்று சொல்லிவிடுங்கள்."

மயிலா சிரித்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தாள். "இதென்னங்க, இந்த ஆளு இப்பிடியெல்லாம் பேசுவானா?" என்று திரும்பினாள்.

"இது உனக்கு அஞ்சாவது தடவ மயிலா" என்றேன். "போன வாரங்கூடப் பாத்தயே."

அவள் முகம் மாறியது. "மறந்துட்டனுங்க" என்று சொல்லி அவரைக்காயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நறுக்கி முடித்திருக்கவில்லை.

படத்தை நிறுத்திவிட்டு என் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். புதிய வடிவத்தில் வசனத்தை உயர்த்தி, இரைச்சலை நீக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு சொல்லும் மணி மணியாக வந்து விழுகிறது. நான் குறை என்று குறித்து வைத்ததில் அதுவும் ஒன்று: 'ஒலியில் இயற்கைக்கு மாறான துலக்கம்.'

ஆகஸ்ட் 14, திங்கள்

மயிலா துணி மடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் போய் நின்று கூப்பிட்டேன். மூன்று முறை.

ஆகஸ்ட் 16, புதன்

கேட்டுவிட்டேன். கேட்ட விதம் சரியில்லை.

"மயிலா, காது டாக்டர ஒருக்கா பாத்துட்டு வந்துரலாமா?"

"எனக்கென்ன காது செவுடா?" என்றாள். நாற்பது வருடத்தில் அவள் அப்படி என்னிடம் குரல் உயர்த்தியது மூன்றோ நான்கோ முறைதான் இருக்கும். "எக்ஸ்சேஞ்சுல இருவத்திரண்டு வருசம் இந்த ரண்டு காதுலதான் ஊரு பூராப் பேசுச்சு. ஒரு நம்பரத் தப்பாக் கேட்டன்னு ஒருத்தரு சொன்னதில்லீங்க. உங்களுக்கு வேணும்னா நீங்க போயிப் பாத்துட்டு வாங்க."

தொலைபேசி நிலையத்தில் அவளுக்கு நல்ல பெயர். குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள். கல்யாணமான புதிதில் நான் வெளியூரிலிருந்து டிரங்கால் போட்டால், எதிர்முனையில் நான் வாய் திறப்பதற்கு முன்பே, "சாப்டீங்களா?" என்பாள். மூச்சு விடுவதை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறாள்.

நாள் முழுக்கப் பேசவில்லை. சாதத்தைப் போட்டுவிட்டு அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள். முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி. சாம்பல் தூவ வேண்டும்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

எஸ்தர் டீச்சர் வீட்டுக்குப் போனேன். ஆண்டு மலர் விஷயமாக என்று சொல்லிக்கொண்டு போனேன். அங்கே போனதும் வேறு பேச முடியவில்லை.

"டீச்சர், அந்தப் புது வடிவத்தையே போட்டுரலாமுங்களா?" என்றேன்.

அவர் ஆச்சரியப்படவில்லை. தேநீரை என் பக்கம் நகர்த்தினார். "மயிலா எப்பிடி இருக்காங்க?" என்றார்.

நான் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"மூணு வருசமா நான் அவங்களுக்கு வலது பக்கமா உக்காந்துதான் பேசறேன் சார். இடது பக்கம் சுத்தமா விழறதில்ல. வலதுலயும் மெதுவாப் பேசினா விழாது. மொகத்தப் பாத்துட்டா ஒதட்ட வெச்சே புரிஞ்சுக்கறாங்க. கெட்டிக்காரி."

"எங்கிட்ட ஏன் டீச்சர் சொல்லல?"

"நீங்க கூடவே இருக்கறவங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னுதான் நெனச்சேன்."

அவர் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அதனால்தான் அது அப்படி இறங்கியது.

திரும்பும்போது காந்திபுரத்தில் இறங்காமல் அடுத்த நிறுத்தம்வரை போய்விட்டேன். நடந்து வரும் வழியெல்லாம் எங்கள் வட்டத்தில் பார்த்த படங்களை எண்ணிக்கொண்டு வந்தேன். மாதம் இரண்டு. ஒவ்வொன்றிலும் என் பக்கத்தில் உட்கார்ந்து, விளக்கு போட்டதும் "நல்லாருக்குங்க" என்று சொன்னவள்.

ஆகஸ்ட் 19, சனி

இரண்டையும் மறுபடி பார்த்தேன். புதியதைப் போட்டால் மயிலாவுக்கு வசனம் கேட்கும், வளையல் தெரியாது. பழையதைப் போட்டால் வளையல் தெரியும், வசனம் கேட்காது. எதை அவளிடமிருந்து பிடுங்குவது?

மதியம் அவள் கொரிய நாடகம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒலியை முழுதாக அணைத்து வைத்திருந்தாள். கீழே எழுத்து ஓடியது. அவள் கண் எழுத்துக்கும் முகத்துக்குமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நான் கதவருகே நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

செயற்குழுவை அவசரமாகக் கூட்டச் சொன்னேன். அசல் வடிவமே இருக்கட்டும், ஆனால் வசனம் முழுவதையும் தமிழில் கீழே எழுத்தாக ஓட்டுவோம் என்றேன்.

ஜமால் வாய்விட்டுச் சிரித்தார். "அண்ணா, தமிழ்ப் படத்துக்குத் தமிழ் எழுத்துங்களா? ரண்டு வாரத்துக்கு முன்னாடி ஒரு புள்ளிகூடச் சேக்கக் கூடாதுன்னீங்க. உங்க பேச்சக் கேட்டுத்தான் நான் கை தூக்குனேன்."

"ஆமா ஜமால். சொன்னேன்."

"இப்ப ஆயிரம் வரி சேக்கோணுங்கறீங்க. அதும் படத்து மேலயே."

"வயசானவங்க நெறைய வருவாங்க..." என்று ஆரம்பித்தேன். நாலு பக்கக் குறிப்பு அவர் முன்னால் மேசைமேல் கிடந்தது. அதை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். "நான் எழுதினது தப்பு. நானே எழுத்துப் போட்டுத் தர்றேன். எப்படிப் போடறதுன்னு மட்டும் சொல்லிக் குடுங்க."

எஸ்தர் டீச்சர் முதலில் கை தூக்கினார். ஜமாலும் தூக்கினார். பிறகு, "சாயங்காலம் கடைக்கு வாங்கண்ணா, அந்த சாப்ட்வேர் ஏத்தித் தர்றேன்" என்றார்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

வேலையை இப்படி வைத்துக்கொண்டிருக்கிறேன்: புதிய வடிவத்தை ஹெட்போனில் கேட்டு வசனத்தை எழுதுகிறேன். பிறகு பழைய வடிவத்தில் அந்த உதடு அசையும் நேரத்தோடு சேர்க்கிறேன். திட்டிக்கொண்டே அதன் தயவில் வாழ்கிறேன்.

இன்று 64 வரிகள். கழுத்து வலி.

ஆகஸ்ட் 26, சனி

இன்று 110. கேஸ் சிலிண்டர் பதிவு செய்தேன். மயிலா இன்னும் சரியாகப் பேசுவதில்லை. நான் என்ன செய்கிறேன் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

தோளில் யாரோ பலமாகத் தட்டினார்கள். தூக்கிவாரிப் போட்டது. ஹெட்போனைக் கழற்றினேன். மயிலா நின்றிருந்தாள்.

"ஏனுங்க, எத்தன தடவதான் கூப்புடறது? காது கேக்கலீங்களா?"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். முதலில் அவள்தான் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எட்டு வருசம் இருக்குமுங்க" என்றாள். "மொதல்ல இடது. அப்பறம் இதும். சொன்னா என்னன்னு தோணும். அப்பறம், சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு தோணும். புள்ளகிட்ட போன்ல ரண்டு தடவ தப்புத்தப்பாப் பதில் சொல்லிட்டேன். அவ சிரிச்சுட்டா. அதுக்கப்பறம் போன எடுக்கவே பயமா இருந்துச்சு."

"படத்துக்கெல்லாம் ஏன் வந்தே மயிலா? வரலேன்னு சொல்லியிருக்கலாமே."

"நீங்க பக்கத்துல யாரும் இல்லாம எப்பிடிப் பாப்பீங்க?" என்றாள், அது பெரிய விஷயமே இல்லை என்பதுபோல.

திரையில் நான் எழுதியிருந்த வரிகளை அப்போதுதான் பார்த்தாள். படித்தாள். வியாழக்கிழமை டாக்டரிடம் போகலாமா என்றேன். இந்தப் பட வேலையெல்லாம் முடியட்டும், அப்புறம் போகலாம் என்றாள்.

செப்டம்பர் 2, சனி

ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டேன். கமலம் வளையலைத் திண்டில் வைக்கும்போது ஒரே ஒரு சொல் சொல்கிறாள். பழைய வடிவத்தில் அது இரைச்சலில் மூழ்கிவிட்டது. புதியதில் அதன்மேல் முரசு. இத்தனை வருடமும் அவள் 'காத்திரு' என்கிறாள் என்றே நினைத்திருந்தேன். அப்படித்தான் கட்டுரைகூட எழுதியிருக்கிறேன்.

மயிலாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையருகே குனிந்தாள்.

"காத்திருன்னா ஒதடு ஒட்டாதுங்க. இங்க மொதல்லயே மூடித் தொறக்குது பாருங்க. 'மறந்துவிடு'ங்கறா."

மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். மறந்துவிடு. சந்தேகமே இல்லை. கமலத்தின் முகம் இப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"மீதியையும் பாத்துச் சொல்லேன்" என்றேன்.

"வேண்டாமுங்க. அங்க வந்து எல்லாரோடயும் பாத்துக்கறேன்" என்று எழுந்து போய்விட்டாள்.

செப்டம்பர் 7, வியாழன்

1,126 வரிகள். முடிந்தது. ஜமாலிடம் கொடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 10, ஞாயிறு

காலைக் காட்சி. முந்நூறு நாற்காலிகளும் நிறைந்து, சுவரோரம் நின்றார்கள். முதல் எழுத்து விழுந்ததும் சலசலப்பு எழுந்தது. பின்னாலிருந்து ஒருவர், "நமக்குத் தமிழ் தெரியாதுன்னு நெனச்சுட்டாங்களா?" என்றார். பத்து நிமிடத்தில் சத்தம் அடங்கியது. எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் பக்கத்திலிருந்த மகளிடம் ஏதோ சொன்னார். அவள் குனிந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பந்திக் காட்சி வந்தது. எழுத்து, பேச்சுக்கு ஒரு நொடி முந்தி விழுகிறது; என் கணக்கில் அங்கே சிறு பிழை. அரங்கம் சிரிப்பதற்கு முன்னால் மயிலா சிரித்துவிட்டாள். அவள் சிரிப்பைத் தொடர்ந்துதான் முந்நூறு பேரும் சிரித்தார்கள். அந்தப் பிழையைத் திருத்தப்போவதில்லை.

கடைசியில் ரயில் நிலையக் காட்சி. அண்ணன் சதாசிவம் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறான். ஜன்னலுக்குள் தம்பி முத்தையா. அண்ணன் சொல்வது எழுத்தில் வந்தது: 'இனி இந்த ஊர்ப் பக்கம் தலை வைத்துப் படுக்காதே. எனக்குத் தம்பி என்று ஒருவன் இல்லை.' மயிலாவின் கை என் முழங்கையை இறுக்கிப் பிடித்தது. விளக்கு போட்ட பிறகும் விடவில்லை.

ஜமால் ஓடி வந்து, "அடுத்த படத்துக்கும் எழுத்துப் போடோணும்னு நாப்பது பேரு எழுதிக் குடுத்துருக்காங்கண்ணா" என்றார். எஸ்தர் டீச்சர் மயிலாவைக் கட்டிக்கொண்டார்.

வீட்டுக்கு வரும்வரை மயிலா ஒரு வார்த்தையும் பேசவில்லை. களைப்பாக இருக்கும்.

செப்டம்பர் 11, திங்கள்

களைப்பில்லை. மாலையில் கொடியிலிருந்து துணியை எடுத்துக்கொண்டு வந்தவள், அப்படியே எதிரில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த அண்ணங்காரன் அவ்வளவு கெட்டவனுங்களா?"

"படம் முழுக்க அப்படித்தானே வர்றான்?"

"எனக்குத் தெரியாதுங்களே." துணியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே சொன்னாள். "நான் வேற கதைன்னு நெனச்சிருந்தேன். மூணு தடவையும் அதேதான் பாத்தேன். அவன் அடிக்கடி துண்ட வாயில வெச்சுப் பொத்திக்குவான் பாருங்க. அவனுக்கு நெஞ்சுல சீக்குன்னு நெனச்சேன். தம்பிக்கும் தொத்திக்கக் கூடாதுன்னுதான் வெரட்டறான். சொன்னாப் போகமாட்டான்னு கோவமா இருக்கற மாதிரி நடிக்கறான்னு."

அந்தத் துண்டை நான் பார்த்திருக்கிறேன். நடிகரின் பழக்கம் என்று குறித்து வைத்திருக்கிறேன்.

"ரயில்ல? உன் படத்துல ரயில்ல அண்ணன் என்ன சொல்றான்?"

"முதுகுதானே தெரியுது. வாயப் பாக்க முடியல. நானாத்தான் நெனச்சுக்கிட்டேன். 'போனதும் கடுதாசி போடு. குளுரடிக்கும், பையில போர்வ வெச்சிருக்கேன், எடுத்துப் போத்திக்க'ன்னு சொல்லுவான்." அவள் குரல் இறங்கியது. "நேத்து அதைப் படிச்சதும் சங்கடமாப் போச்சுங்க. எட்டு வருசமா நல்லவனா இருந்தவன்."

அவளுக்கு உண்மையான படத்தைக் காட்டிவிட்டோம் என்று நேற்று முழுக்க நான் பூரித்துக்கொண்டிருந்தேன்.

"மொதல்ல இருந்து சொல்லு மயிலா" என்றேன். அவளுக்குக் கேட்கும்படி உரக்கவே சொன்னேன்.

"எதை?"

"நீ பாத்த படத்த."

"அட, போங்க" என்றாள். வெட்கப்பட்டாள். பிறகு துணிகளை ஓரமாக வைத்துவிட்டு, மழை பெய்துகொண்டிருக்கிறது, ஒரு மாட்டுவண்டி வருகிறது என்று ஆரம்பித்தாள். ஒவ்வொருவருக்கும் ஒரு குரல் வைத்திருந்தாள். சமையற்காரர் அவள் படத்தில் கமலத்தின் அப்பாவுக்குப் பழைய சிநேகிதர். முரசு இல்லை, பாட்டுகள்கூட இல்லை. சதாசிவம் யாருக்கும் தெரியாமல் வைத்தியரிடம் போய்வருகிறான்.

முப்பது வருடமாக எது அசல் என்று மேடை ஏறிச் சண்டை போட்டவன் நான். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. ரயில் கிளம்பிய பிறகு ஒரே ஒரு தடவை மட்டும், பொறுக்க முடியாமல், தம்பி திரும்பி வருவானா என்று கேட்டேன்.

"வருவானுங்க, பொறுங்க" என்றாள்.